இருபது மில்லி

கீழ்த்தளத்தில் கொலுசுக்கு மெருகு போடும் இயந்திரம்
நின்றால்தான் என் தராசில் கடைசி இலக்கம் நிற்கும்.
ஆகவே அவர்கள் டீக்குப் போகும் பத்து நிமிடத்தில்
மின்விசிறியையும் அணைத்துவிட்டு
நான் உப்பு நிறுக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை. மே மாதம். மாடி அறை.
ஐந்து புள்ளி நான்கு ஒன்று எட்டு கிராம்,
நூற்றுப்பத்து டிகிரியில் இரண்டு மணி நேரம் காய்ந்து
டெசிகேட்டரில் ஆறிய உப்பு.
ரசத்துக்குப் போடுவதும் இதன் உறவுதான்.
அங்கே கை அறியும், நாக்கு மன்னிக்கும்.

பீக்கரில் கரைத்து, புனல் வழியே குடுவைக்கு.
பீக்கரைக் கழுவிய நீரும் குடுவைக்கு. மூன்று முறை.
புனலைக் கழுவியதும்.
ஒட்டிக்கொண்டு நிற்கும் துளி
யாரோ ஒருவருடைய வெள்ளி.
நூறு மில்லி இந்தக் கரைசல்
ஒரு கிராம் வெள்ளியைத் தயிர்போல் திரிக்கும்,
கூடாமல், குறையாமல்.
அதுதான் பேச்சு.

குடுவையில் இருபது டிகிரி என்று பொறித்திருக்கிறது.
சேலத்தில் அந்தக் குளிரை எந்தக் கடையில் விற்கிறார்கள்?
அறைக்குள் முப்பத்தாறு.
பட்டியலைப் பார்த்துக் கூட்டிக் கழித்துக்கொள்கிறேன்.

போன வருடமும் மே.
நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ஐந்து நாள் விடுப்பு.
புட்டியின் மூடியைச் சாய்த்து வைத்தபடி போயிருக்கிறேன்.
வந்த அன்றே துளசிராம் பட்டறையின் வெட்டு,
எண்பது டச் இருக்கவேண்டியது.
எழுபத்தெட்டு புள்ளி மூன்று என்று எழுதி
முத்திரை குத்திக் கொடுத்தேன்.

புட்டியின் கழுத்தில் வெள்ளை வளையத்தை
மூன்றாம் நாள்தான் பார்த்தேன்.
உப்பு இருந்தது. தண்ணீர்தான் போயிருந்தது,
லிட்டருக்கு இருபது மில்லி.
ஒரு மடக்கு.
புதிதாய்க் கரைத்து மறுபடி சோதித்தேன்:
எழுபத்தொன்பது புள்ளி ஒன்பது.

"போனது போச்சு, அடுத்த தடவை பாத்துக்கலாம்"
என்றார் முதலாளி.
நான் படியிறங்கினேன்.

துளசிராம் காகிதத்தை இரண்டு முறை படித்தார்.
"உருக்குற பையனை அன்னைக்கே அனுப்பிட்டேம்மா.
செம்பு கலக்கலன்னே சாதிச்சான்.
அடிச்சுக்கூடப் பார்த்தேன்."
பிறகு காகிதத்தை எட்டாக மடித்துச்
சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
பெயர் கேட்டேன்.
கனகவேல்.
மலைமேல் ஏதோ காப்பித் தோட்டத்தில் என்றார்கள்.

ஒரு ஞாயிறு ஏற்காட்டு பஸ் ஏறினேன்.
கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே போனேன்.
பதினான்கில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது,
எண்ணிக்கை தப்பிவிட்டது.
மூன்று தோட்டங்களில் விசாரித்தேன்.
பழம் பறிக்கும் காலம் இல்லை, ஆளே இல்லை என்றார்கள்.
கடைசிக் கேட்டின் அருகே நின்றபோது
காற்று சரியாக இருபது டிகிரி இருந்திருக்கும்.
என்னிடம் குடுவை இல்லை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
என் உப்பு யாரென்று அவனுக்குத் தெரியாது.
அவனுக்குத் தெரிந்தது ஒரு எண்.
அதை யார் எழுதியது என்று
ஏதாவது ஒரு ராத்திரி யோசித்திருப்பான்.

இப்போது
கோட்டுக்கு ஒரு விரல் கீழே நீரை நிறுத்துகிறேன்.
இனி சொட்டுக்குழாய்.
தாண்டினால் உறிஞ்சி எடுக்க வழியில்லை,
கொட்டிவிட்டு உப்பிலிருந்து தொடங்கவேண்டும்.
முட்டி போட்டு, கண்ணைக் கோட்டின் மட்டத்துக்கு
இறக்கிவைத்திருக்கிறேன்.
நீரின் பிறை, அதன் அடிவயிறு, கோடு.
இன்னும் ஒரு சொட்டு.

கீழே இயந்திரம் ஓடத் தொடங்குகிறது.
பிறை நடுங்குகிறது.
பரவாயில்லை, தொட்டுவிட்டது.

சீட்டில் தேதி, செறிவு, அறை வெப்பம்.
இனிஷியல் போதும் என்பார் முதலாளி.
த. செண்பகவல்லி என்று முழுதாய் எழுதி ஒட்டுகிறேன்.
மூடியை இறுக்குகிறேன்.
சாப்பிடப் போய்,
பாதிப் படியில் திரும்பி வந்து
இறுக்கிப் பார்க்கிறேன்.